ஈரத்தரையில் ஒரு காசு

லுவான் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பான். மனிதர்களின் முகம் அப்புறம். கல்யாண வீடு, சாவு வீடு, டாக்டரின் அறை எல்லாம் அவனுக்கு ஒன்றுதான். ஓக் மரமா, பைன் மரமா, கடைசியாக எப்போது இழைத்தார்கள், எந்தப் பலகை தளர்ந்திருக்கிறது என்று கண் ஒரு சுற்று ஓடி முடித்த பிறகுதான் வாய் திறந்து நலம் விசாரிக்கும். டார்செஸ்டரில் முப்பது வருஷமாக மரத்தரை இழைத்து வார்னிஷ் பூசுகிறவன் அவன். எங்கள் மூன்று மாடி மரவீட்டில் கீழே அவன் குடும்பம், உச்சியில் நாங்கள். நடுவில் இருப்பவர்கள் இந்தக் கதைக்குத் தேவையில்லை.

தரையைப் பார்க்கும் இந்தப் பழக்கம்தான் அவன் வாழ்க்கையில் முதல் இடியை இறக்கியது. பெண் பார்க்கப் போன அன்று, லியூ தேநீர்த் தட்டோடு வந்து நின்றாள். மஞ்சள் பட்டு உடுத்தி, தலையில் பூ வைத்திருந்தாளாம். லுவானுக்கு அதெல்லாம் தெரியாது. அவள் காலடியில் இரண்டு பலகைகளுக்கு நடுவே விரல் நுழையும் அளவுக்கு விழுந்திருந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டிருந்தான். லியூவின் அம்மா சுவோங் அம்மாள், பெண் பிடித்திருக்கிறதா என்று கேட்கும் பாவனையில் மெல்ல இருமினார். அந்த நேரம் பார்த்து லுவான் திருவாய் மலர்ந்தான்.

"ரொம்பத் தேஞ்சு போச்சு. இன்னும் ஒரு தடவைதான் தாங்கும்."

சுவோங் அம்மாள் தேநீர்க் கோப்பையை மெதுவாகக் கவிழ்த்து வைத்தார். "வேண்டாம்" என்றார். அவர் லுவானிடம் சொன்ன முதல் சொல் அது. ஏறக்குறைய ஒரே சொல்லும் அதுதான்.

மறுவாரம் அம்மாள் கோயிலுக்குப் போன நேரத்தில், ஒரு கருவிப் பெட்டியோடு வந்து அந்த இடைவெளியை அடைத்துவிட்டுச் சத்தமில்லாமல் போனான் லுவான். கதவைத் திறந்துவிட்ட லியூ, முழங்காலில் குனிந்து தரையை அன்போடு தடவிப் பார்த்த அந்த ஆளை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். தரையை இப்படித் தடவுகிறவன் தன்னை எப்படி வைத்துக்கொள்வான் என்று அவள் மனம் கணக்குப் போட்டது. பெண் மனம் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் பெற்ற தாயின் கண்ணீர்கூட அதைக் கரைக்குமா? கல்யாணம் நடந்தது. மூன்று தடவை வேண்டாம் என்று சொன்ன பிறகே சுவோங் அம்மாள் அதற்கு வந்து உட்கார்ந்தார்.

பிறகு ஒன்பது வருஷம் மகள் வீட்டிலேயே இருந்தார். மாப்பிள்ளை தேநீர் கொடுத்தால் வேண்டாம். ஜன்னலைத் திறக்கட்டுமா என்றால் வேண்டாம். கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில், தலையணையைக் கொஞ்சம் உயர்த்தட்டுமா அம்மா என்று லுவான் குனிந்து கேட்டபோது, கண்ணைத் திறக்காமலே வேண்டாம் என்றார். அன்று சாயங்காலம் போய்விட்டார். வராந்தாவில் நின்று லுவான் அழுததை நாங்கள் பார்த்தோம். கேட்டதற்கு, மரத்தூள் கண்ணில் விழுந்துவிட்டது என்றான். அது வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமை.

தொழிலில் அவன் சூரன். குறும்பிலும் அப்படியே. வார்னிஷ் பூசிய தரையில் ஒரு நாள் முழுக்க யாரும் கால் வைக்கக் கூடாது என்பது அவனுடைய சட்டம். கூரை இடிந்து விழுந்தாலும் ஜன்னல் வழியாகத்தான் தப்பிக்க வேண்டும். ஒரு வீட்டுக்காரர், ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும், எனக்குத் தெரியாதா என்று வீம்பு பேசினார். பூசிக்கொண்டே வாசலை நோக்கிப் பின்னால் நகர்ந்த லுவான், நடுக்கூடத்தில் ஒரு பிளாஸ்டிக் கரப்பான் பூச்சியை நிற்க வைத்துவிட்டு வந்தான். அந்த மனிதர் ஒரு நாள் முழுக்க வாசற்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எட்டவும் முடியவில்லை, மறக்கவும் முடியவில்லை.

அவன் பின்பக்கப் பையில் எப்போதும் பட்டி பூசும் தகடு ஒன்று இருக்கும். தாள் போல மெலிந்தது. பசை வழிக்க, பெயின்ட் சுரண்ட, சாப்பிட உட்கார்ந்தால் கெட்டியான அரிசிப் பிட்டைத் துண்டு போட, எல்லாவற்றுக்கும் அதுதான். லியூ அதைப் பத்துத் தடவை குப்பையில் போட்டிருக்கிறாள். பத்துத் தடவையும் அது திரும்பி வந்திருக்கிறது.

இப்படிப்பட்டவன் வீட்டுத் தரை எப்படி இருந்தது என்றால், சொல்லவே வாய் கூசுகிறது. முன்னறைத் தரை சாம்பல் பூத்து, ஓரங்கள் பிளந்து, நடந்தால் முனகும். செருப்பில்லாமல் நடக்கிற எங்கள் வழக்கத்துக்கு அது காட்டுப் பாதை. இருபது வருஷமாக லியூ கெஞ்சினாள். இருபது வருஷமாக லுவானிடம் ஒரே பதில் இருந்தது. முன்னறையின் கோடியில் மாமியாரின் மேடை இருக்கிறது. அதன்மேல் அவர் படமும், அதற்கு முன்னால் ஊதுவத்திக் கிண்ணமும். முன்னோரின் ஊதுவத்திக் கிண்ணத்தை நினைத்தபடி நகர்த்த முடியாது. இரண்டு காசைப் போட்டு அனுமதி கேட்க வேண்டும். ஒன்று தலை, ஒன்று பூ விழுந்தால் சரி. இரண்டும் ஒரே மாதிரி விழுந்தால் மறுப்பு. மூன்று முறைதான் கேட்கலாம்.

"உங்கம்மா உசுரோட இருந்தப்பவே எனக்குச் சரின்னு சொன்னதில்ல. காசு போட்டா மட்டும் சொல்லிடுவாங்களா?" என்பான். கூடவே ஒரு வாலும் சேர்ப்பான்: "பேசாம கலிஃபோர்னியாவுக்கு அனுப்பிடு லியூ. அங்க பனி இல்ல. என் மூஞ்சியும் இல்ல."

கலிஃபோர்னியாவில் லியூவின் அக்கா யென் இருந்தாள். பெரிய வீடு, பெரிய கார், எல்லா அறையிலும் வழுவழுப்பான கல்தரை. போன வருஷம் அம்மாவின் திதிக்கு வந்தவள், கும்பிட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தபோது குதிகாலில் ஒரு சிராய் ஏறிவிட்டது. ஒரு அங்குல நீளம். லுவான்தான் தன் தகட்டால் நெம்பி எடுத்தான். எடுக்கும்போது, நல்ல சிவப்பு ஓக், பழைய மரம் என்று ரசித்து வேறு சொல்லித் தொலைத்தான். யென் அழவில்லை. தரையையும் மேடையையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுத்த திதிக்கும் அம்மா இப்படி ஒரு குப்பையில்தான் உட்கார்ந்திருப்பார் என்றால், படத்தையும் கிண்ணத்தையும் தன்னோடு எடுத்துப் போவதாக நிதானமாகச் சொன்னாள். மூத்தவள் சொன்னால் சொன்னதுதான். கூடப் பிறந்த ஒரே ஆண்பிள்ளையான கியெம், ஒண்டிக்கட்டையாக வாடகை அறையில் கிடக்கிறவன். மேடை என்னோடு இருக்கட்டும் என்று சொல்ல அவனுக்கு இடமில்லை.

அன்று முதல் லியூ தூங்கவில்லை. காலை எழுந்ததும் அம்மாவுக்கு ஒரு வத்தி கொளுத்தி, பள்ளிக்கூடச் சமையலறையில் நடந்த கதையெல்லாம் சொல்லிவிட்டு வேலைக்குப் போகிறவள் அவள். அந்த மேடை காலியாகிவிட்டால் காலையில் எழுந்து யாரிடம் பேசுவது? எங்கள் அடுக்களையில் உட்கார்ந்து இதைச் சொல்லிச் சொல்லி அவள் கைக்குட்டை நனைய அழாத வாரம் இல்லை. லுவான் மட்டும் காதில் விழாதவன் போல விசிலடித்துக்கொண்டு திரிந்தான்.

ஜூலையில் லியூ ஊஸ்டருக்குக் கிளம்பினாள். உறவுப் பெண்ணுக்குப் பிரசவம். மூன்று நாள் கூட இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. அவள் பஸ் ஏறிய அரை மணி நேரத்தில் இழைக்கும் இயந்திரம் முன்னறைக்குள் உறுமியது. லுவான் மனைவியை அசத்தப் போகிறான்.

துணைக்குத் தொழிலில் கூட்டாளியான மச்சான் கியெம். மேடையை அவர்கள் நகர்த்தவில்லை. மாமியாரின் படத்துக்கு மேல் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போர்த்தி, தூசி வரும், மன்னிச்சுக்குங்க அம்மா என்று லுவான் கைகூப்பினான். போர்த்தும்போதும் அந்தக் கண்கள் தன்னை முறைத்ததாகப் பிறகு எங்களிடம் சொன்னான்.

முதலில் முரட்டு உப்புத்தாள். அப்புறம் நடுத்தரம். அப்புறம் மெல்லியது. ஓரங்களுக்குச் சின்ன இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் தவழ்ந்தான். இழைத்த தூளையே பசையில் குழைத்துப் பிளவுகளை அடைத்தான். சாம்பல் தோல் உரிந்து உள்ளிருந்து தேன் நிறத்தில் ஓக் மரம் எழுந்து வந்ததைப் பார்த்தபோது கியெம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்துவிட்டான். இருபது வருஷம் இதையா மூடி வைத்திருந்தோம் என்றான். மேலே எங்கள் வீட்டு மீன் குழம்பில்கூட அந்த மூன்று நாளும் மரத்தூள் மிதந்தது.

நடுவில் ஒரு முறை கியெம் தலையைச் சொறிந்தான்.

"அத்தான், அம்மா திதி இந்த வாரம் தானே?"

"டேய், இந்த வருஷம் ஆறாம் மாசம் ரெண்டு தடவ வருதுடா. காலண்டரக் கிழிக்கிறியே, படிக்கிறதில்லயா? திதி ரெண்டாவது ஆறாம் மாசத்துல. இன்னும் முப்பது நாள் கெடக்கு."

பெற்ற மகன் அவன். மறுத்திருக்க வேண்டும். ஆனால் கியெம் தலையாட்டிவிட்டு உப்புத்தாளை மாற்றினான். சந்திர மாதம் இரட்டையாக வரும் வருஷத்தில் திதி முதல் மாதத்திலேயே வந்துவிடும், இரண்டாவது வெறும் ஒட்டு மாதம் என்பது இரண்டு ஆண்பிள்ளைகளுக்கும் தெரியவில்லை. தெரிந்தவள் ஊஸ்டரில் குழந்தைக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இதைக்கூட நினைவூட்ட வேண்டுமா என்று அவள் நினைத்திருந்தாள்.

வியாழக்கிழமை காலை கடைசிப் பூச்சு. மேடைப் பக்கம் ஆரம்பித்து, கம்பளி கட்டிய நீளத் துடைப்பத்தால் வார்னிஷை இழுத்து இழுத்து, பின்னாலேயே நகர்ந்து சமையலறை வாசற்படிக்கு வந்து சேர்ந்தான் லுவான். கண்ணாடி போல இருந்தது. மேடை அதில் தலைகீழாகத் தெரிந்தது. விரிப்பை எடுத்துவிட்டதால் மாமியாரும் தலைகீழாகத் தெரிந்தார். தலைகீழாகவும் முறைத்தார்.

சரியாகப் பத்து மணிக்கு லியூ பின்வாசல் வழியாக வந்தாள். ஒரு கையில் சுத்தம் செய்த வாத்து, மறு கையில் பழங்களும் ஊதுவத்திக் கட்டும். வாசற்படியில் நின்று தரையைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருபது வருஷக் களைப்பு ஒரு நொடியில் கரைந்தது. கண் கலங்கியது. லுவான் மார்பை நிமிர்த்தினான். அடுத்த நொடி அவள் பார்வை தரையைத் தாண்டி எதிர்க்கோடியில் இருந்த மேடைக்குப் போனது. பழப்பை கீழே விழுந்தது.

"ஏங்க, இன்னைக்கு என்ன நாள் தெரியுமா?"

தெரிந்துகொண்டபோது லுவானின் முகம் உப்புத்தாள் போலாகிவிட்டது.

நண்பகலுக்குள் படைக்க வேண்டும். யென்னின் விமானம் நாலு மணிக்கு இறங்குகிறது; அதை அவள் லியூவிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாள். அம்மாவுக்கு வத்தி கொளுத்தாமல் நாள் போனது என்று தெரிந்தால், தரை எவ்வளவு மின்னினாலும் மேடை கலிஃபோர்னியாவுக்குத்தான். ஈரத் தரையில் யாராவது நடந்து போய்க் கொளுத்திவிட்டு வரலாம் என்றால், அதற்கும் வழியில்லை. வார்னிஷ் ஆவி நிறைந்த அறையில் ஒரு தீக்குச்சி போதும், மூன்று மாடியும் வானத்துக்குப் போகும். சமையலறை அடுப்பின் எரிவாயுவைக்கூட லுவான் அடைத்து வைத்திருந்தான். வாத்து எங்கள் அடுப்புக்கு ஏறி வந்தது.

வத்தி இல்லாமல் படைத்தால் என்ன என்று கியெம் ஈனஸ்வரத்தில் கேட்டான். வத்தி இல்லாவிட்டால் சாப்பாடு வந்திருப்பது அம்மாவுக்கு எப்படித் தெரியும் என்று லியூ திருப்பிக் கேட்டாள். பிறகு கணவனிடம் திரும்பினாள். அவள் கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"அனுப்பிடு அனுப்பிடுன்னு வெளையாட்டுக்குச் சொல்றீங்கன்னு நெனச்சேன். நெசமாத்தானா?"

வாயாடியான லுவான் தகட்டை எடுத்தான், பையில் வைத்தான், மறுபடி எடுத்தான்.

ஒரே வழிதான் இருந்தது. கிண்ணத்தையும் படத்தையும் பின்பக்க வராந்தாவுக்குக் கொண்டுவந்து அங்கே படைக்க வேண்டும். அதற்கு அனுமதி வேண்டும். சலவை இயந்திரத்துக்கென்று டப்பாவில் சேர்த்திருந்த கால் டாலர் காசுகளில் இரண்டை எடுத்தாள் லியூ. வாசற்படியில் மண்டியிட்டு, அம்மா, உங்களை இந்த இடத்தை விட்டு நகர்த்தலாமா என்று கேட்டுப் போட்டாள். இரண்டும் தலை. மறுப்பு. கியெம் போட்டான். இரண்டும் பூ. மறுப்பு.

மூன்றாவது, கடைசி முறை. காசுகளை லியூ கணவனிடம் நீட்டினாள். ஒன்பது வருஷம் வேண்டாம் என்று கேட்டே பழகிய மனிதன் வாங்கிக்கொண்டான். அம்மா, நான் லுவான் கேட்கிறேன் என்று ஆரம்பித்து, மேலே என்ன சொல்வதென்று தெரியாமல் போட்டுவிட்டான்.

ஒரு காசு வாசற்படியில் விழுந்து தலையைக் காட்டியது. இன்னொன்று குதித்து உருண்டது. வாசற்படியைத் தாண்டி, வார்னிஷில் ஒரு மெல்லிய கோடு இழுத்துக்கொண்டே போய், அறையின் நடுவில் சுற்றிச் சாய்ந்து ஒட்டிக்கொண்டது.

பூவா தலையா? வாசலில் இருந்து தெரியவில்லை. கியெம் அலைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தான். தரையின் பளபளப்பில் வெள்ளை வெளிச்சம்தான் தெரிந்தது. லுவான் பூசிய அழகே அவன் கண்ணை மறைத்தது. மூன்று முறையும் முடிந்துவிட்டது. மணி பதினொன்று அடித்தது. கரப்பான் பூச்சியைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த வீட்டுக்காரர் இப்போது லுவானைப் பார்த்திருந்தால் எவ்வளவு சிரித்திருப்பார்?

லுவான் வேலைக் காலணியைக் கழற்றினான். காலுறையையும் கழற்றினான், நூல் ஒட்டும் என்று. முப்பது வருஷத்தில் ஈரத் தரையில் ஒரு பூனையைக்கூட நடக்க விடாத மனிதன், தன் வாழ்நாளிலேயே மிக அழகான தரையில் வெறுங்காலை வைத்தான். ஒட்டும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் அவன் முகம் சுருங்கியது, முள் மேல் நடப்பவனைப் போல. நான்காவது அடியில் காசு. குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான்.

"பூ. சரின்னுட்டாங்க" என்றான். குரல் அவன் குரலாகவே இல்லை.

கிண்ணம் ஒரு நடை, படம் ஒரு நடை. அதே கால்தடங்களில் கால் வைத்துத் திரும்பினான். பின்பக்க வராந்தாவில், துவைத்த துணிக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவே ஒரு மேசை போட்டு, பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வத்தி புகைந்தது. வாத்தும் சோறும் கீரைச் சாறும் மாம்பழமும். லியூ விழுந்து கும்பிட்டாள். லுவான் மட்டும் மாமியாரின் படத்தை நேராக ஏறிட்டுப் பார்த்தபடி நின்றான். அன்று அவன் கண் தரைக்குப் போகவே இல்லை.

ஆபத்து தீர்ந்தது என்று நினைத்தோம். அது ஐந்தரை மணிக்கு வாடகைக் காரில் வந்து இறங்கியது.

யென் வராந்தாவைப் பார்த்தாள். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் அம்மா. வாசற்படியில் நின்று தரையைப் பார்த்தாள். கண்ணாடி போன்ற தரையின் நடுவே லுவானின் கால்தடங்கள். நடந்ததை லியூ உள்ளது உள்ளபடி சொன்னாள். பொய் சொல்லத் தெரியாத பிறவி. யென் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் புன்னகைத்தாள்.

"அப்ப அம்மாவே எடத்த விட்டு நகரச் சம்மதிச்சுட்டாங்க. கீழயும் எறங்கி வந்துட்டாங்க. இனிமே அவங்கள மறுபடி ஏத்தி வைப்பானேன்? நான் போறப்ப என்னோடயே வரட்டும்."

அவள் பெட்டியில் புதுச் சிவப்புப் பட்டுத் துணி தயாராக மடித்து இருந்தது. லியூ சுவரில் சாய்ந்தாள். அம்மாவே ஒப்புக்கொண்டதை மறுக்க மகளுக்கு ஏது வாய்? படத்தின் முன்னால் போய் நின்று, சட்டகத்தைச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தாள். வழியனுப்பும் கை அது.

லுவான் தொண்டையைக் கனைத்தான்.

"அக்கா, நான் பொய் சொல்லிட்டேன்."

எல்லோரும் திரும்பினோம்.

"காசு பூ விழல. தலைதான். வாசல்ல விழுந்ததும் தலை. அம்மா வேண்டாம்னுதான் சொன்னாங்க. நேரமாச்சேன்னு நான்தான் மாத்திச் சொன்னேன். அவங்க நகர மாட்டேன்னாங்க அக்கா. இந்த வீட்ட விட்டு எங்கயும் நகர மாட்டேன்னாங்க."

யென்னின் புன்னகை நின்றது. செத்த மாமியார் பெயரிலேயே பொய்யா என்று பாய்ந்தாள். பாவி என்றாள், சண்டாளன் என்றாள், இதனால்தான் அம்மா உன்னைக் கடைசிவரை ஏற்கவில்லை என்றாள். கியெம் கூட அத்தானை முறைத்தான். லுவான் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டான்.

"காசு இன்னும் அங்கதானே கெடக்கு? நான் என் கண்ணால பாக்கணும், லுவான் தம்பி" என்றாள் யென்.

தரை தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்திருந்தது, ஆனால் இன்னும் மென்மை. அழுத்தி மிதித்தால் தடம் விழும் என்று லுவான் சொன்னான். அட்டைகளைக் கொண்டுவந்து, தானே முன்னால் போய், ஒவ்வொன்றாகக் குனிந்து விரித்துப் பாதை போட்டான். காசு கிடந்த இடத்தை அவன் முதுகு எங்களிடமிருந்து மறைத்தது. அங்கே அட்டை சரியாகப் படியவில்லை போலும், கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டான். பிறகு விலகி, வாங்க அக்கா என்றான்.

யென் அட்டை மேல் நடந்து போனாள். குனிந்தாள். தலை. சந்தேகமே இல்லை. தரையில் பதிந்து, தலையைக் காட்டிக்கொண்டு கிடந்தது காசு.

எழுந்தபோது கண் நிறைந்திருந்தது.

"அம்மா வேண்டாம்னா வேண்டாம்தான். அப்பா சொல்லியே கேட்டதில்ல. நான் யாரு?"

சிவப்புப் பட்டை லியூவிடம் கொடுத்துவிட்டாள். மேடைக்கு விரித்துக்கொள்ளச் சொன்னாள். ஆனால் சம்மதமில்லாமல் நகர்த்திய பாவத்துக்கு லுவான் மூன்று வத்தி பிடித்து, வராந்தாவில் மண்டியிட்டு, எங்கள் எல்லோர் முன்னிலையிலும் மாமியாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்ப்பும் கொடுத்தாள். கேட்டான். நெற்றி பலகையில் இடிக்கும்வரை குனிந்து கேட்டான். குனிந்த இடத்தில் வராந்தாப் பலகை ஒன்று உளுத்திருப்பதையும் கவனித்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் யென் ஊருக்குப் போனாள். கிண்ணமும் படமும் மேடைக்கு ஏறின. தரையைத் துடைக்க வந்த லியூ, காசைப் பெயர்த்து எடுக்கக் கணவனின் தகட்டைக் கேட்டு வாங்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். மேலே பார்த்துக் கிடந்த தலையின் மூக்கிலும் கன்னத்திலும் வார்னிஷ் கெட்டியாகக் காய்ந்திருந்தது.

மேலே பார்த்துக் கிடந்த முகத்தில் வார்னிஷ் எப்படி வரும்? அந்த முகம் முதலில் ஈரத்தில் குப்புறக் கிடந்திருந்தால்தான் வரும். அன்று காலை விழுந்தது பூதான். சாயங்காலம் அட்டை விரிக்கும் சாக்கில், அந்த மெலிந்த தகட்டால் யாரோ காசை நெம்பி, புரட்டி, அதே வட்டத்துக்குள் கச்சிதமாக வைத்திருக்கிறார்கள். அவ்வளவு கச்சிதமாக வைக்க அந்த வீட்டில் ஒரு கைதான் உண்டு.

கைக்குச் சொந்தக்காரன் வாசற்படியில் உட்கார்ந்து அரிசிப் பிட்டைக் கையாலேயே பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான். லியூ அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். உள்ளங்கையில் காசைக் காட்டினாள்.

"அம்மா உங்களுக்குச் சரின்னுதான் சொல்லியிருக்காங்க."

லுவான் மென்று முடித்தான்.

"ஆமா. முப்பது வருஷத்துல ஒரே ஒரு தடவ சொன்னாங்க. அதையும் நானே பொய்யாக்கிட்டேன்."

"அனுப்பிடு அனுப்பிடுன்னு சொன்னவருதானே நீங்க?"

"அவங்க போய்ட்டா காலையில எழுந்து நீ எங்கிட்டல்ல பேசுவ? யாரு கேக்குறது?"

லியூ அவன் முதுகில் ஒன்று வைத்தாள். அப்படியே அந்தத் தோளில் சாய்ந்தும் அழுதாள். இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், மரவீட்டில் மூன்று மாடிக்கும் ஒரே காதுதான்.

காசு இப்போது ஊதுவத்திக் கிண்ணத்தின் அடியில் இருக்கிறது, பூ மேலே பார்த்தபடி. கால்தடங்களை இழைத்து எடுத்துவிடுவதாக லுவான் சொல்லிப் பார்த்தான். லியூ விடவில்லை. வாசற்படியிலிருந்து மேடைவரை வெறும் பாதங்கள், பெருவிரல் கோணலோடு, பளபளவென்று நிற்கின்றன. வேலை பேச வருகிற வாடிக்கையாளர்கள் அதைப் பார்த்துத் தயங்குவார்கள். இவ்வளவு பெயர் பெற்ற தரைக்காரன் வீட்டில் இது என்ன கோலம் என்று கேட்பார்கள்.

"வார்னிஷ் காயறதுக்குள்ள மாமியார் கூப்பிட்டாங்க. போகாம இருக்க முடியுமா?" என்பான் லுவான். சொல்லிவிட்டு மேடையை ஓரக்கண்ணால் பார்ப்பான். அவர் வழக்கம்போல முறைத்துக்கொண்டுதான் இருப்பார்.